அப்பாவின் லீவும் தழை மிஷினும்

நான் மூன்றாவது படிக்கும்போது அப்பாவுக்கு ஒரு நீண்ட லீவு கிடைத்தது. கோயமுத்தூரில் அவர் ஃபிட்டராக இருந்த பஞ்சாலையின் கேட்டில் பெரிய பூட்டாகப் போட்டு, எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கொடுத்திருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் மழைக்கு ஒரு நாள் விடுவதற்கே மூக்கால் அழும். ஆலை முதலாளியின் தாராள மனசைப் பற்றி வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

முதல் மாதம் அப்பா கட்டிலில் படுத்து கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஹெல்பராக இருந்தவர் சொந்தமாக லேத் பட்டறை போட்டு, இரண்டு தடவை வந்து வேலைக்குக் கூப்பிட்டும் அப்பா அசையவில்லை. “எங்கிட்ட ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவன்கிட்டயா போய் நிக்கறது?” என்றார்.

இரண்டாவது மாதம் எழுந்தார். சோளத்தட்டு வெட்டும் பழைய மிஷின் ஒன்றைப் பிரித்து, கத்தியைச் சாணை பிடித்து, கிணற்று மோட்டாரோடு பெல்ட்டில் இணைத்து, தகரத்தில் ஒரு வாய் வைத்தார். மேலே கொப்பைக் கொடுத்தால் கீழே துண்டு துண்டாக வந்து விழும். அதைக் குழியில் போட்டு, சாணியைக் கரைத்து ஊற்றி, அவ்வப்போது கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் உரம். நான் கத்திப் பக்கம் வராமலிருக்கத் தரையில் சாக்பீஸ் கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த சுவிட்சை என் பொறுப்பில் விட்டார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவ்வளவு அதிகாரமுள்ள பதவி எனக்கு அப்புறம் வாய்க்கவேயில்லை.

எங்கள் வேலியில் கழித்த கிளுவைக் கிளைகள் முதல் நாளே தீர்ந்துபோயின. ஆனால் மிஷினின் புகழ் எப்படியோ பரவி, தினமும் யாராவது தழையோடு வந்து நின்றார்கள்.

“ஏனுங்க, கொய்யாவக் கழிச்சனுங்க. உங்க மிஷின்ல உட்டா உரமாயிருமாமா?” என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

“அதுக்கென்னுங்க, வெச்சுட்டுப் போங்க” என்று அப்பா நிமிர்ந்து உட்காருவார். அன்றைக்கு அவருக்குச் சோறு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கும்.

ஒரு நாள் யாருமே வரவில்லை. அப்பா மறுபடி கட்டிலுக்குப் போனார். சற்று நேரத்தில் அம்மா ஒரு கட்டுத் தழையைக் கொண்டுவந்து போட்டாள். அவளுடைய மல்லிகை. என் பந்து அதன்மேல் விழுந்தாலே வீட்டில் ரகளை நடக்கும். அதை ஒட்ட வெட்டியிருந்தாள்.

“செடி ரொம்ப அடைஞ்சுபோச்சுங்க. மிஷின்ல உட்டுப்போடுங்க.”

“மொட்டு உட்டிருக்குதே?”

“அது கெடக்குதுங்க.”

நான் கடமை தவறாமல் சுவிட்சைப் போட்டேன். “ஆஃப் பண்ணு கண்ணு” என்றார் அப்பா. தரையில் உட்கார்ந்து, கிளை கிளையாக எடுத்து, மொட்டுகளைக் கிள்ளி மடியில் சேர்த்தார். ஒரு மணி நேரம். இதென்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும் அம்மாவின் முந்தானையில் கொட்டிவிட்டு வந்த பிறகுதான் மிஷின் ஓடியது.

மறுநாள் காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அந்த லேத் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். என் பதவி போயிற்று.

தழை வரத்தும் அன்றோடு நின்றது. சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்கே நியாயம் கேட்கப் போனேன். கொய்யாக் கொப்புகள் தெருவோரம் காய்ந்துகொண்டிருந்தன.

“இப்பெல்லாம் உங்கம்மா வந்து கேக்கறதே இல்லியே கண்ணு” என்றார் அக்கா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியவள் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டாள். அப்பாவின் மிஷின்மேல் அவளுக்கு அக்கறையே இல்லை. வீட்டுக்கு வந்தபோது, வெட்டிய இடமெல்லாம் துளிர்த்திருந்த மல்லிகைக்கு அவள் உரம் போட்டுக்கொண்டிருந்தாள். கூடையைப் பிடிக்கச் சொன்னாள்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.