மண்ணெரிச்சான் ரோச் செய்த சத்தியம்

சிலுவைத்துறையில் பொய் சொல்லாத ஆம்பிளை ஒருவன்கூடக் கிடையாது. வலையைக் கிழித்துக்கொண்டு போன மீன் எப்போதும் வலையில் விழுந்த மீனைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் புளுகன் என்று பட்டம் வாங்கியவன் ரோச் ஒருத்தன்தான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

தூத்துக்குடிக்கும் வேம்பாருக்கும் நடுவில், டிரைவருக்கு மனசு இருந்தால் பஸ் நிற்கிற ஊர் அது. ரோச் அங்கிருந்து கப்பலுக்குப் போனான். கப்பல் குசினியில் ஊர்ப்பட்ட உருளைக்கிழங்கை உரித்துவிட்டு எழுபத்து மூன்றில் திரும்பி வந்தான். கப்பலுக்குப் போய்வந்தவனுக்கென்று கரையில் ஒரு மரியாதை உண்டு. அதைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். சீமையில் எல்லாரும் வெள்ளிக் கரண்டியில்தான் சாப்பிடுகிறார்கள் என்று அளந்துவிட வேண்டும். ரோச்சுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான்.

அவன் பார்த்தது லண்டனும் இல்லை, பாரிசும் இல்லை. அவனுடைய கப்பல் அயர்லாந்துப் பக்கம் இஞ்சின் கெட்டு, கில்டரா என்ற சின்னக் கடற்கரை ஊருக்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க நங்கூரம் போட்டுக் கிடந்தது. காய்கறி, இறைச்சி வாங்க ரோச்தான் கரைக்குப் போய்வந்தான். அந்த ஊரை அவன் டீக்கடையில் அவிழ்த்துவிட்டான்.

"அங்கன விறகே கெடையாது. மண்ண வெட்டிக் காயப்போட்டு அடுப்புல வச்சு எரிக்காவ."

டீக்கடை செந்தில்வேல் ஏரல் பக்கத்து ஆள். ஆற்றங்கரை மண்ணில் புரண்டு வளர்ந்தவர். மண்ணைப் பற்றித் தன்னிடமே கதை விடுகிறானே என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

"மண்ண எரிச்சுக் கல்லப் பொங்கித் திங்காவளாக்கும்?"

"நெசமாத்தான் அண்ணாச்சி. கட்டி கட்டியா வெட்டி வீட்டுப் பக்கத்துல அடுக்கி வச்சிருப்பாவ. பொகையும் நல்ல வாசமா இருக்கும்."

அன்றைக்கு வைத்த பேர்தான் மண்ணெரிச்சான். ரோச் அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. வெள்ளைக்காரன் வைக்கோல் கூரை வீட்டில் இருக்கிறான் என்றான். காற்றுக்குக் கூரை பறக்காமல் இருக்கக் கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறான் என்றான். துணியில் வள்ளம் கட்டித் தார் பூசிக் கடலுக்குப் போகிறான் என்றான். பிரசங்க நேரத்தில் ஆம்பிளைகள் கோயிலுக்கு வெளியே நின்று பீடி மாதிரி ஒன்றை இழுக்கிறார்கள் என்றான். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் பிரசங்க நேரத்தில் வெளியே நின்று பீடி இழுக்கிறவர்கள்தான். ஆனாலும் நம்பவில்லை. ஏழு கடல் தாண்டிப் போனாலும் நம்மைப் போலவேதான் இருக்கிறான் என்றால், பிறகு வெள்ளைக்காரனை எதற்காக அண்ணாந்து பார்ப்பது? அந்தக் கோபத்தை ரோச்சின் மேல் காட்டினார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சம்மாட்டி வளன். மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஊர்க் கமிட்டித் தலைவர். செவத்த முடிக்காரி கதையைக் கேட்டபோது அவருக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது.

"காலைல வள்ளத்தக் கவுத்துத் தலைல வச்சுத் தூக்கிட்டுப் போறாவ சம்மாட்டி. எதுக்க ஒரு செவத்த முடிக்காரி வாளியோட வந்தா. அம்புட்டுதான். வள்ளத்த அப்படியே எறக்கி வச்சிட்டு வீட்டப் பாத்துப் போயிட்டாவ. செவத்த முடிக்காரி எதுக்க வந்தா அன்னைக்குக் கடல் கெடையாது."

"ஏலே, பொம்பள மயிரப் பாத்துக் கடலுக்குப் போவாம இருக்க அவன் என்ன கூறுகெட்டவனா?" என்றார் வளன். அவர் கடலுக்குப் புறப்படும்போது யாராவது பின்னாலிருந்து "எங்க போறிய?" என்று கேட்டுவிட்டால், திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அது சாஸ்திரம். இது கூறுகெட்டதனம்.

ரோச்சின் மனைவி ஹில்டா, "ஊரே சிரிக்கி. நீங்களும் ஒரு வெள்ளிக் கரண்டியச் சொல்லித் தொலைக்க வேண்டியதான?" என்பாள். அவன் கேட்கவில்லை. தான் கண்ணால் கண்டதை ஒரே ஒரு ஆளாவது நம்ப வேண்டும் என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது. சோறு தண்ணியைவிட அது பெரிதாகிவிட்டது.

எழுபத்து ஆறில் ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி வந்தது. ஆஸ்பத்திரி என்றால் ஓட்டு வீடு, இரண்டு கட்டில், ஒரு சிஸ்டர். சிஸ்டர் பிரிஜிட் வெள்ளைக்காரி, பிரசவம் பார்க்கிறவர். அவர் வந்ததில் எல்லாரையும்விட நிம்மதி அடைந்தது ஹில்டா. அவளுடைய முதல் பிள்ளை, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே பிறந்து பஸ்ஸிலேயே செத்துப்போனது. இப்போது மறுபடி நிறைமாதம். இந்தத் தடவை பஸ் ஏற மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் சிஸ்டரைச் சுற்றிக் கூட்டம். சிஸ்டர் அயர்லாந்துக்காரி என்று தெரிந்ததும் வளனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரோச்சைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்தினார்.

"சிஸ்டர், ஒங்க ஊர்ல மண்ண எரிப்பாவளாமே? இந்தப் பய சொல்லுதான்."

கூட்டம் சிரிக்கத் தயாரானது. சிஸ்டருடைய முகம் விளக்கேற்றியதுபோல ஆனது. அவர் பாளையங்கோட்டையில் பாடம் படித்துத் தமிழ் கற்றவர்; அச்சடித்த மாதிரிதான் பேசுவார்.

"ஆம்! எங்கள் வீட்டில் மண்தான் எரிப்போம். என் தந்தையார் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக்கொண்டு வருவார். அந்தப் புகையின் வாசனை... உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ரோச்சைக் கேட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துணி வள்ளமும் உண்மை என்றார். கூரையில் கல் தொங்குவதும் உண்மை. ஆம்பிளைகள் கோயிலுக்கு வெளியே நின்று புகைப்பது மிகவும் உண்மை என்றார். பங்குச்சாமி அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு ரோச் தரையில் நடக்கவில்லை. செந்தில்வேல் வடையும் டீயும் தானாகக் கொண்டுவந்து வைத்து, "ரோச் அண்ணாச்சி, தப்பா நெனைச்சிராதிய" என்றார். அவரைவிட ரோச் பத்து வயசாவது இளையவன். அண்ணாச்சி என்ற சொல் ரோச்சுக்கு வடையைவிட ருசியாக இருந்தது. ஊர் அவனைச் சுற்றி உட்கார்ந்து பழைய கதைகளை எல்லாம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டது.

வளன் மட்டும் முகவாயைச் சொறிந்துகொண்டே இருந்தார். "அப்பம் அந்தச் செவத்த முடிக் கதையும் நெசமா?"

ரோச் புகழ் மயக்கத்தில் இருந்தான். கோயில் பக்கம் கையை நீட்டி, "மாதா மேல சத்தியம் சம்மாட்டி. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றான்.

திங்கட்கிழமை விடியலில் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் செபமாலையை உருட்டிக்கொண்டு கரையோரம் நடந்துவந்தார். கச்சான் காற்றுக்குச் சிஸ்டர், சம்மாட்டி என்ற பேதம் தெரியாது. முக்காட்டைப் பிடுங்கி மணலில் போட்டது. உள்ளே இருந்த தலைமுடி சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல் நிறத்தில் இருந்தது.

வளன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். பின்னாலேயே மற்றவர்களும் போட்டார்கள். சிஸ்டர் முக்காட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, கரையில் வள்ளங்கள்தான் இருந்தன, ஆள் இல்லை.

மறுநாளும் அதே நேரம், அதே செபமாலை. அதற்கு மறுநாளும் அதுதான். ஒரு கன்னியாஸ்திரீயிடம் போய், உங்கள் முடி ஆகாது, வீட்டுக்குள் இருந்து செபம் சொல்லுங்கள் என்று சொல்ல எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. முக்காடு போட்டிருந்தால் என்ன, உள்ளே முடி இருக்கிறதே என்று ஒருவன் கேட்டான். சாளை மீன் கூட்டம் கூட்டமாக வருகிற பருவம். ஊர் ஆம்பிளைகள் டீக்கடையில் உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்த்தார்கள். வீட்டில் சட்டி காய்ந்தது. பெண்டுகள் பேசிய பேச்சை எழுத முடியாது.

கடைசியில் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. பங்குச்சாமி மூலமாக ஆயரிடம் சொல்லி, சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட வேண்டியது. ஆஸ்பத்திரி? அது போனால் போகட்டும். முன்னே இருந்ததா என்ன?

சேதி தெரிந்தபோது ஹில்டா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் ரோச் தாங்கியிருப்பான். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"மறுபடி அந்த பஸ்ல என்ன ஏத்தப் போறியளா?"

"நான் என்னளா செய்ய?"

"ஒங்க வாயால வந்தது. ஒங்க வாயாலயே போவட்டும்."

ரோச்சுக்குப் பயமாக இருந்தது. ஹில்டாவை நினைத்துத்தான் பயம். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த அண்ணாச்சி என்ற பட்டத்தை நினைத்தும் துக்கமாக இருந்தது. மூன்று வருஷம் ஏங்கிப் பெற்ற பேர். இன்னும் சூடு ஆறவில்லை.

சாயங்காலம் சிலுவை நிற்கிற குருசடிக்கு முன்னால் கமிட்டி கூடியிருந்தது. ரோச் நடுவில் போய் நின்றான்.

"நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல" என்றான்.

வளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னலே சொல்லுத?"

"கப்பல் அங்கன நின்னது நெசம். நான் கரையில எறங்கல. கப்பல்ல அந்த ஊர்க்காரன் ஒருத்தன் இஞ்சின் பழுது பாக்க வந்தான். மண்ணு எரிக்கது, துணி வள்ளம் எல்லாம் அவன் சொன்னது. செவத்த முடிக் கதை நான் கட்டினது. சும்மா, உப்பு புளி சேத்தேன்."

"மாதா மேல சத்தியம் பண்ணினியேல!"

"பண்ணினேன். பொய்ச் சத்தியம்."

அதைச் சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டது. வளனுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஈஸ்டர் அன்றைக்குக்கூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. "நான் அன்னைக்கே சொன்னம்லா! இவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா?" என்று எழுந்து நின்று கத்தினார். எல்லாருமே அன்றைக்கே சொன்னவர்களாக இருந்தார்கள். செந்தில்வேல், தான் கொடுத்த வடையை நினைத்து வருத்தப்பட்டார்.

பொய்ச் சத்தியத்துக்குப் பங்குச்சாமி தண்டனை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முழுக்க ரோச் பீடத்துக்கு முன்னால் கையை விரித்து முழங்காலில் நிற்க வேண்டும். நின்றான். அதைப் பார்ப்பதற்காக, வெளியே பீடி இழுக்கிற அத்தனை பேரும் அன்றைக்குக் கோயிலுக்குள் வந்தார்கள். பிரசங்கத்தைக் கடைசி வரைக்கும் கேட்டார்கள். பங்குச்சாமிக்கு, வாரம் ஒரு ஆள் இப்படிக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வள்ளங்கள் கடலில் இறங்கின. சிஸ்டர் எதிரே வந்தார். காற்று முக்காட்டோடு விளையாடியது. "தோத்திரம் சிஸ்டர்!" என்று வளன் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறினார். மத்தியானம் வலை கொள்ளாமல் சாளையோடு திரும்பினார்கள். அதற்கும் ரோச்சைத்தான் திட்டினார்கள். இவன் புளுகால் எத்தனை நாள் மீன்பாடு போயிற்று!

அதே வாரம் ஹில்டாவுக்கு வலி கண்டது. ஓட்டு வீட்டில், கட்டிலில், சிஸ்டர் கையில் பிள்ளை பிறந்தது. வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ரோச்சும் அழுதான். சிஸ்டர் பிள்ளையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"நீங்கள் கில்டராவில் இறங்கவில்லை என்று சொன்னீர்களாம்."

ரோச் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் ஊர் கில்டராவுக்குப் பக்கத்தில்தான். என் அம்மாவுக்கும் இதே முடி. அப்பாவின் வள்ளம் கடலில் இறங்கும்வரை அம்மா வாசல் கதவைத் திறக்க மாட்டார். எனக்கும் அதே கட்டுப்பாடு. அந்தத் தொல்லையை விட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீங்கள் அதையும் தகரப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்: "நீங்கள் சொன்னது உண்மை என்று நான் இவர்களிடம் சொல்லட்டுமா? உங்களுக்காகச் சொல்கிறேன்."

ரோச்சுக்கு ஆசையாக இருந்தது. அவனுக்கு இருந்த ஒரே சாட்சி கண்ணெதிரே நின்று கேட்கிறது. ஹில்டா கட்டிலில் இருந்து அவனையே பார்த்தாள். அடுத்த வீட்டு முத்துக்கனிக்கும் அடுத்த மாதம் பிரசவம் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"வேண்டாம் சிஸ்டர்" என்றான். "ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், சொல்லிராதிய."

அதற்குள் வெளியே ஆள் சத்தம். வளன் ஒரு ஓலைக்கொட்டான் நிறையச் சாளையோடு வந்து நின்றார். கூடவே டீக்கடைக் கூட்டம்.

"ஏலே மண்ணெரிச்சான்! என்ன பிள்ளைல?"

ரோச் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். "பொம்பளப் பிள்ள சம்மாட்டி. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ."

"ஒன் வாயில வாரத எவன்லே நம்புவான்?" என்றார் வளன். "சிஸ்டர் வந்து சொல்லட்டும்."

சிஸ்டர் பிரிஜிட் வாசலுக்கு வந்தார். ரோச்சை ஒரு தடவை பார்த்தார்.

"பெண் குழந்தை" என்றார். அதற்குப் பிறகுதான் வளன் மீனைக் கொடுத்தார்.