நிறுத்தப் பலகையும் வான்கோழியும்

நெப்ராஸ்காவில் எங்கள் ஊருக்கே முடிவெட்டும் வெர்னா, வாக்குவாதத்தில் யாரிடமும் தோற்றதில்லை. சாலைச் சந்திப்பில் வண்டிகள் கட்டாயம் நின்று போகச் சொல்லும் நிறுத்தப் பலகையில் நிற்காமல் போனதாகப் போலீஸ்காரர் மடக்கி அபராதம் போட்டதும் கொதித்துப்போனாள்.

"நான் நின்னேன்! உங்க கார் கேமராவே சொல்லும்" என்று காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, விடாமல் நச்சரித்து, அந்தப் பதிவை வாங்கிவிட்டாள். பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல், நேரே கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் போட்டாள்.

திரையில் ஒரு வான்கோழி பலகையருகே நின்று, இரண்டு பக்கமும் பார்த்தது. வெர்னாவின் கார் அதன் மூக்கை உரசாத குறையாகப் பறந்தது.

"ஏம்மா வெர்னா, வான்கோழிகூட நின்னுச்சே!" என்றார் அவள் கத்தரிக்குத் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த டுவெய்ன்.

"அதுக்கென்ன அவசரம்? நான் கடை திறக்க வேணாமா?"

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. மறுநாளே அபராதத்தைக் கட்டினாள். டுவெய்ன் மட்டும் அந்தப் பதிவு ஓடிய அன்றே பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்குப் போனார்.