சுரங்கம் பார்க்கப் போனவள்

கனகேஸ்வரி அக்காவின் கதையை என்னைவிட ஒழுங்காகச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் அல்பெர்கேரியாப் பகுதியில் நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் நடந்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து என்ன பயன் என்று கேட்காதீர்கள்.

அக்கா அச்சுவேலிக்காரி. ஐம்பத்திரண்டு வயது. பல்லாறோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கட்டடத்தில் அவளும் புருசன் தவராசா அண்ணையும் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணை ஒரு ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவுகிறார். நான் துறைமுகத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் அறை துப்புரவு. அக்கா பதினான்கு வருடமாகக் கால்சாப் பகுதியில் ஒரே வீட்டில் சிஞ்ஞோரா நுன்சியா என்ற இத்தாலியக் கிழவியைப் பார்த்து வந்தாள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, நகம் வெட்டுவது, காலுக்கு எண்ணெய் பூசுவது எல்லாம் அவள்தான். கிழவிக்கு எண்பத்தெட்டு வயது. கண் இரண்டும் போய் ஆறு வருடம். அக்காவின் முழுப்பெயர் வாயில் நுழையாததால் ‘கானா’ என்று கூப்பிடுவாள்.

இந்தக் கிழவி அக்காவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். “நான் சாகும்போது மகன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ பக்கத்தில் இருக்கவேண்டும்” என்று. அக்காவும் ஓம் என்றுவிட்டாள். எங்கள் ஆட்கள் யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பார்கள், பிறகு ஆளையே காணக் கிடைக்காது. அக்கா அந்த ரகமில்லை. பதினான்கு வருடத்தில் ஒரு கிழமை சேர்ந்தாற்போல அவள் லீவு எடுத்ததில்லை. “நான் போற நேரம் பாத்து அவ போயிட்டா?” என்பாள்.

அப்படிப்பட்டவளை ஜெர்மனிக்கு அனுப்பியதே கிழவிதான். கிழவியின் புருசன் இளவயதில் ஜெர்மனியில் எஸ்ஸன் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் நாலு வருடம் வேலை செய்தவர். திரும்பி வந்தபோது நெஞ்சு முழுக்கத் தூசி. கிழவியின் நாற்பதாவது வயதில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அந்தச் சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாராம். இப்போது அதை மூடி அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். அக்காவின் தம்பி உமாசுதன் அதே எஸ்ஸனில்தான் இருக்கிறான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கிழவிக்கு ஒரே பிடிவாதம். “கானா, நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லு. அவர் எப்படிப்பட்ட இடத்தில் நின்றார் என்று தெரியாமல் நான் சாகக்கூடாது.”

கிழவி மகன் வீட்டில் ஒரு கிழமை இருப்பதென்று பேச்சாயிற்று. போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை அக்கா விமானம் ஏறினாள்.

உமாசுதன் நல்ல பெடியன்தான், ஆனால் ஜெர்மனியைத் தானே கட்டியதுபோலக் காட்டுவான். ஞாயிறு ஒரு கோட்டை, திங்கள் இரண்டு அருங்காட்சியகம். மன்னர் சாப்பிட்ட தட்டு, மன்னர் படுத்த கட்டில். அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “உந்தக் கட்டிலுகளைத் தூசி தட்டுறவளின்ரை பாட்டைத்தான் நான் யோசிச்சன்” என்று போனில் எனக்குச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைதான் சுரங்கம். அங்கே அக்கா செய்த வேலையைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். வாசல் கேற்றிலிருந்து கிடங்கு வாய்வரை எட்டுப்போட்டு, காலடியை எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. கண் தெரியாதவளுக்கு மீற்றர் சொல்லி விளங்காதாம், எட்டுக் கணக்குச் சொன்னால்தான் விளங்குமாம். வேலை முடிந்து வருகிறவர்கள் கரி பிடித்த உடுப்பைச் சங்கிலியில் கொழுவிக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னதையும், சுவரைத் தடவினால் இன்னும் விரலில் கறுப்பு ஒட்டுகிறது என்பதையும் ஒரு தரத்துக்கு மூன்று தரம் சொன்னாள். போனில் கிழவிக்குச் சொல்லமாட்டாளாம். பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துத்தான் சொல்லவேண்டுமாம்.

அவள் இதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது கிழவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது அது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை சளி நெஞ்சில் இறங்கி, மகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். கிழவி “கானா, கானா” என்று புலம்பத் தொடங்க, செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் நேரே ரெஸ்டாரண்டுக்கு வந்து தவராசா அண்ணையிடம் சொல்லியிருக்கிறான். மனைவியிடம் தானே சொல்வதாக அண்ணை தலையாட்டினார். இரவு அக்கா போன் எடுத்து, “சிஞ்ஞோரா எப்பிடி?” என்று கேட்டபோது, “நல்லா இருக்கிறா. நீ பாக்கப் போனதை வடிவாப் பார்” என்றார். மகனுக்கு, சனிக்கிழமைக்கு முன் விமானத்தில் இடமில்லை என்று இன்னொரு பொய். செவ்வாய் இரவு சொல்லியிருந்தால் புதன் பின்னேரம் அக்கா வந்திறங்கியிருப்பாள்.

புதன்கிழமை மத்தியானம் அண்ணை என் கதவைத் தட்டினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “பிள்ளை, நீர் ஒருக்கா என்னோடை வாரும். கிழவிக்குக் கண் தெரியாது. பக்கத்திலை இருந்து கையைப் பிடிச்சால் காணும், கதைக்க வேண்டாம்” என்றார்.

எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை. “அண்ணை, அவவுக்கு இப்பவே போன் எடுத்துச் சொல்லுங்கோ. இதென்ன முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிற வேலை?”

“பயணத்திலை நிக்கிற ஆளுக்கு என்னெண்டு பிள்ளை சொல்லுறது? பதினாலு வருசத்திலை முதல் லீவு. அவள் வந்தாலும் கிழவி தப்பாது. நாலு நாளாவது சிரிச்சுக்கொண்டு நிக்கட்டும்.”

இது எங்கள் சனத்தின் வியாதி. என் சொந்த அண்ணன் செத்ததை எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் வீட்டார் எனக்குச் சொன்னார்கள். அந்த எட்டு நாளும் நான் பொட்டு வைத்துக்கொண்டு, சந்தையில் பேரம் பேசிக்கொண்டு திரிந்தேன். அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. அப்படியிருந்தும் போனேன். போன் என் கையில்தான் இருந்தது. நானே அக்காவுக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். புருசன் பெண்சாதி விசயம், எனக்கேன் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மகன் நடையில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அண்ணையும் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போய்க் கட்டிலருகே இருந்து கிழவியின் கையைப் பிடித்தேன். “கானா?” என்றாள். நான் கையை இறுக்கினேன். கிழவியின் முகம் ஒரு நொடி தெளிந்தது. பிறகு மற்றக் கையையும் கொண்டுவந்து, என் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அரிசியில் கல் பார்ப்பதுபோல மெதுவாகத் தடவினாள். பெருவிரலில் நிறுத்தினாள். திரும்பவும் தடவினாள்.

“இது அவளில்லை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னாள். “அவள் வரமாட்டாள்.”

தன் கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். நான் அரை மணித்தியாலம் இருந்தேன். கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்த மகன், அம்மா அமைதியாகிவிட்டாள் என்று எனக்குக் கைகூப்பினான். வியாழன் விடியப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அடக்கம்.

அக்கா சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். முதலில் சாப்பிடட்டும், பிறகு சொல்லுவோம் என்றார் அண்ணை. நான்தான் புட்டும் மீன்குழம்பும் வைத்தேன். வாயில் புட்டோடு அக்கா சங்கிலியையும் உடுப்பையும் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தாள். கை கழுவியதும், “இப்ப ஒருக்காப் போட்டு வாறன். மகன் வீட்டிலையிருந்து வந்திருப்பா” என்று எழும்பினாள். அப்போதுதான் அண்ணை சொன்னார்.

அவள் அழவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டாள். விடிய ஐந்து மணி என்றதும், “நான் அப்ப எழும்பி இடியப்பத்துக்கு மா குழைச்சன். தம்பி கப்பலிலை கூட்டிக்கொண்டு போறனெண்டவன்” என்றாள். அண்ணைதான் விக்கி விக்கி அழுதார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து அக்கா அண்ணையோடு சண்டை பிடித்ததில்லை. சமைக்கிறாள், உடுப்புத் தோய்க்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சண்டை பிடித்தால்கூடப் பரவாயில்லை என்று அவர் என்னிடம் வந்து சொல்கிறார். கிழவர் கிழவியைப் பார்க்கிற வேலை இரண்டு வந்தது, மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது நாலைந்து கட்டடங்களில் படி கழுவுகிறாள். சுரங்கத்தைப் பற்றி யார் கேட்டாலும், “கறுப்பு. வேறை ஒண்டுமில்லை” என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே கீழே இறங்கி வந்து என் குசினிக் கதிரையில் இருந்தாள். கிழவியின் மகனைச் சந்தையில் கண்டாளாம்.

“நீ போயிருந்தியாம். இவர்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனவராம். கையைப் பிடிச்சவுடனை நான் எண்டு நினைச்சு, அமைதியாப் போனாவாம். மகன் சொல்லுறான்.”

“ஓம் அக்கா” என்றேன்.

“உண்மையைச் சொல்லு. அவ நம்பினவவோ?”

உண்மை வாய்வரை வந்தது. இது அவளில்லை, அவள் வரமாட்டாள் என்று சொல்லிக் கிழவி முகத்தைத் திருப்பியதை இவளுக்கு எப்படிச் சொல்வது? ஒரு மாதமாக அண்ணையைத் திட்டித் தீர்த்த நான், அவரைப் போலவே ஒரு பொய்யைத் தேடி எடுத்தேன்.

“நம்பினவ அக்கா. நீங்கள் எண்டே நினைச்சுத்தான் போனவ.”

அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினாலு வருசம், சிவானுஜா” என்றாள். “என்ரை கை எதெண்டுகூட அவவுக்குத் தெரியேல்லை.”