அண்ணிக்கு நான் சொன்ன பதில்

யுத்தத்தில் அண்ணா காணாமல் போனபின், தொண்ணூறுகளின் நடுவில் அண்ணி ஒக்லாந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். நகரின் தெற்கே, பாபகூராவுக்கு அப்பால் நான் வேலை செய்த அப்பிள் தோட்டத்தில், ஒரு மத்தியானம் இருவரும் புதிதாகப் பிழிந்த சாற்றைப் பாகாகக் காய்ச்சினோம். அண்ணி கிண்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்று போத்தல் கழுவினேன்.

“இஞ்சாருங்கோ, பதம் வந்திட்டுதோ?”

அது அண்ணி அண்ணாவைக் கூப்பிடும் சொல். நான் யோசிக்காமல், “ஓம், இறக்கலாம்” என்றேன். எனக்கும் அண்ணாவுக்கும் ஒரே குரல்.

அண்ணி சிரித்தபடியே பானையை இறக்கிவிட்டுத் திரும்பினார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

“தம்பி... நீரோ?”

அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல் என்னோடு கதைத்ததில்லை. எனக்கோ, வாய் திறந்தால் என் குரலில் அண்ணா முந்திக்கொள்வாரோ என்று இன்றைக்கும் பயம்.