சிவப்புக் கயிறும் ஏழாம் நம்பர் மெஷினும்

ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கிற நூல் மில்லை உடைக்கப் போறாங்கன்னு பழைய இரும்பு வியாபாரி ஒருத்தர் போன் பண்ணினார். உள்ளே இருக்கிற மோட்டாருங்க தேறுமா, இல்ல செம்புக் கம்பிக்கு மட்டும்தான் ஆகுமான்னு நான் பார்த்துச் சொல்லணும். வேங்கிக்கால்ல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன், அதனால கூப்பிட்டார். அதே மில்லுல நான் வேலை செஞ்சவன்னு அவருக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமைங்கிறதால ஏழாவது படிக்கிற என் மகளும் வண்டியில ஏறிக்கிட்டா.

பசங்களா, நூல் மில்லுக்குள்ள நீங்க போயிருக்க மாட்டீங்க. ஒரு மெஷின் நம்ம தெருவுல பாதி நீளம் இருக்கும். ரெண்டு பக்கமும் வரிசையா கதிருங்க நிக்கும், அதுலதான் நூல் சுத்தும். ஓட ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கிறவங்க வாயசைவைப் பார்த்துதான் பேச்சு புரியும். அன்னைக்கு அங்கே புறா சத்தம் மட்டும்தான். உடைஞ்ச ஜன்னல் வழியா ஒரு கொடி உள்ளே வந்து கதிருங்களைப் பிடிச்சு ஏறியிருந்தது. கடைசி ஆயுத பூஜைக்கு மெஷின் மேல வெச்ச சந்தனப் பொட்டு இன்னும் உதிரல.

"இவ்ளோ நூலையும் யாருப்பா போட்டுக்கிட்டாங்க?"ன்னு கேட்டா மகள்.

"ஊரு ஊரா போகும்மா"ன்னு சொல்லிக்கிட்டே நடந்தேன். ஏழாம் நம்பர் மெஷின்கிட்ட கால் நின்னுடுச்சு. "இங்கதான் என் வலது கை போகப் பார்த்தது"ன்னு ஆரம்பிச்சு, அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

மெஷின்கிட்ட வேலை செய்யறவங்க கையில கயிறு கட்டக்கூடாது. பிடிபட்டா கேட்டுக்கு வெளியேதான். ஆனா இவ வயித்துல இருந்தப்போ இவ அம்மா கிரிவலம் சுத்திட்டு வந்து, என் மணிக்கட்டுல ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டா. குழந்தை பிறக்கிற வரைக்கும் கழட்டக்கூடாதுன்னா. சாமி கயிறு என்ன பண்ணிடப் போகுதுன்னு முழுக்கைச் சட்டைக்குள்ள மறைச்சுக்கிட்டு வேலைக்குப் போனேன்.

ஒரு நாள் ஓடுற மெஷின்ல ஒட்டின பஞ்சைத் துடைச்சேன். சட்டைக் கைக்கு வெளியே வந்த கயிறோட நுனி உருளையில சிக்கி, கையை உள்ளே இழுத்துச்சு. கத்தினேன், யாருக்கும் கேக்கல. எதிர்ப்பக்கம் அறுந்த நூலை ஒட்டிக்கிட்டிருந்த ஒரு அக்கா என் வாயைப் பார்த்துட்டாங்க. ஓடி வந்து, இடுப்புல சொருகியிருந்த சின்னக் கத்தியால கயிறை அறுத்தாங்க. என் தோல்ல ஒரு கீறல்தான். ஆனா கத்தி தவறி, உருளையோட ரப்பர் கிழிஞ்சுடுச்சு.

மேஸ்திரி வந்து யாரு வேலைன்னு கேட்டார். "சுத்திக்கிட்ட நூலை அறுத்தேன், கை தவறிடுச்சு"ன்னாங்க அக்கா. கயிறைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஊமையா நின்னேன். அவங்களைக் கழிவுப் பஞ்சு ரூமுக்கு மாத்திட்டாங்க. அங்கே தூசி ஜாஸ்தி. என் வேலை நிலைச்சது.

"அந்த அத்தை இப்போ எங்கப்பா?"

"அடி அண்ணாமலையில டீக்கடை வெச்சிருக்காங்க."

அவ யோசிச்சா. "கிரிவலம் போறப்போ அந்த இடம் வந்தா மட்டும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கமா இழுத்துட்டுப் போவியே, அதுக்குத்தானா?"

மோட்டார் கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்னு வண்டியைத் திருப்பினேன். என் மகளுக்குத் தெரிஞ்ச பிறகு இன்னொரு பௌர்ணமி எதிர்ப்பக்கமா நடக்க எனக்கு முகம் இல்ல.

அக்கா பால் காய்ச்சிக்கிட்டிருந்தாங்க. தலை நரைச்சிருந்தது. ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தாங்க.

"அட, மெஷினுக்குக் காப்பு கட்ட வந்தவன்தானே நீ!"

"அக்கா, அன்னைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். தப்புக்கா. உங்களாலதான் இந்தக் கை இருக்கு."

அவங்க சிரிக்கல. "ஆறு மாசம் இருமினேன்பா. அப்போ ஒரு தடவை வந்து நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும்." பால் பொங்கிச்சு, அடுப்பைக் குறைச்சாங்க. "எனக்குத் தெரியும், உன் வீட்டுல அப்போ பிள்ளைத்தாச்சி. வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே? அதான் வாயை மூடிக்கிட்டேன்."

"அந்தப் பிள்ளைதான்க்கா இது."

அக்கா என் மகளைக் கிட்ட கூப்பிட்டு, கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "கையைக் காட்டு"ன்னாங்க. கீறல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாங்க. "இந்தக் கை இப்போ என்ன வேலை செய்யுது?"

"மோட்டாருக்குக் காயில் கட்டுதுக்கா."

"அப்படியா? என் கிரைண்டர் ஒரு மாசமா சுத்தல. இட்லி மாவு வெளியில வாங்கறேன். நின்னு பேசறானாம், தூக்குடா!"

இவ்வளவு வருஷம் கழிச்சு வந்தவனுக்கு அவங்க ஒரு வேலை கொடுத்தாங்க. அதைவிடப் பெரிய மன்னிப்பு எனக்குத் தெரியல. அந்தக் கிரைண்டர் நல்ல கனம். ஒரு கையால தூக்க முடியாது. ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுதான் வண்டிவரைக்கும் கொண்டுவந்தேன்.