மீசையில் ஜரிகை

மகளைப் பெண் பார்க்க வரும் அன்று எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு இல்லை. பழைய புடவை ஒன்று தொங்கியது. இத்தனைக்கும் நான் தச்சன்.

"போன தபா வந்தவங்க கிட்ட நீங்க வாயே தொறக்கல. திமிரு புடிச்ச ஆளுன்னு போயிட்டாங்க. இந்த தபா கதவாச்சும் இருக்கட்டும்" என்றாள் மனைவி.

மரம் ஈரத்தில் ஊறும் என்று அலுமினியச் சட்டம் வாங்கியிருந்தேன். மரம் அறுக்கும் மெஷினிலேயே, நெருக்கமான பல் உள்ள கார்பைட் பிளேடை மாட்டினேன். அலுமினியம் பல்லில் அப்பாமலிருக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மெதுவாகத் தள்ளினேன். அது போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. தறிச் சத்தத்திலேயே தூங்குகிற எதிர்வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "இன்னா நைனா, ஏரோப்ளேன எறக்குறியா?" என்றார்.

கதவை மாட்டி, வெளிக் கைப்பிடியை முடுக்கினேன். உள் கைப்பிடியை எடுத்தபோது மனைவி ஓடி வந்தாள். "வந்துகினு இருக்காங்க! ஜல்தி சட்டைய மாத்துங்க!" கைப்பிடி பழைய சட்டைப் பையிலேயே போய்விட்டது.

வந்தவர்கள் முள்ளிப்பட்டு நெசவாளர்கள். பையனும் வந்திருந்தான். பையனின் அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். மடியில் பளபளவென்று என்னவோ உதிர்ந்தது. காபி கொண்டுவந்த மகள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

அவர் எழுந்து வந்து என் மீசையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். விரலிடுக்கில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஜரிகை இல்லீங்களே. டூப்ளிகேட் ஜரிகை கூட இல்ல."

"அலுமினியங்க" என்றேன். திறந்த வாய் மூடவில்லை. மெழுகு, பல், பிளேடு என்று கொட்டினேன். மனைவி முறைத்தாள்.

"மரம் அறுக்குற மெஷின்லயா? காட்டுங்க பாப்போம்" என்று அவர் என்னோடு குளியலறைக்குள் வந்தார். வெட்டிய மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, கதவை மூடியும் பார்த்தார். தாழ் டக்கென்று விழுந்தது. உள்ளே கைப்பிடி இல்லை. இருவரும் தட்டினோம்.

சிறிது நேரத்தில் அவர் பொறுமை இழந்தார். "எங்களுக்கு முழு சம்மதம்மா! மொதல்ல கதவத் தொற, பேஜாரா இருக்குது!"

வெளியே மகளின் குரல். "இருங்க மாமா, உங்க புள்ளகிட்ட பேசிகினு இருக்கேன். எனக்கு சம்மதமான்னு யாருமே கேக்கலியே."

அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"கேளுங்க" என்றேன்.

அவள் மாமா என்று கூப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.