வியாழக்கிழமைன்னுதான் சொன்னோம்

அந்தத் தெருவில் பூட்டு என்றால்தான் அவளைத் தெரியும். மருந்துக்கடைக்காரர் கேலியாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சின்னவர்கள் மட்டும் மரியாதை சேர்த்துப் பூட்டக்கா என்பார்கள். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பெண் டாக்டரின் கிளினிக். அதில் முன்மேஜை அவளுடையது. டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, அடுத்து எந்தக் கிழமை வர வேண்டும் என்று சொல்வது எல்லாம் அவள்தான். ஊரில் பாதிப் பெண்களுக்கு உடம்பில் எங்கே என்ன கோளாறு என்பது அவளுக்கு அத்துப்படி. தெரிந்து என்ன? தலைகீழாக நின்றாலும் ஒரு வார்த்தை வெளியே வராது.

நாத்தனார் வந்து வாயைக் கிளறிப் பார்ப்பாள். "எதிர்வீட்டுப் பொண்ணு உங்க கிளினிக் படியேறினதைப் பார்த்தேனே அண்ணி, ஏதாவது விசேஷமா?"

"படி எல்லாருக்கும் பொதுதானே. நீகூட ஏறலாம், யாரு வேண்டாம்னா?"

வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். "என் சுகர் ரிப்போர்ட் வந்துச்சான்னு கேட்டேன்யா. டோக்கன் போட்டு உக்காருங்க, டாக்டர் சொல்லுவாங்கங்கிறா. கட்டின பொண்டாட்டி!" என்று சிநேகிதர்களிடம் புலம்புவார். சிநேகிதர்கள் சிரிப்பார்கள். அவளும் உள்ளே நின்று சிரித்துக்கொள்வாள்.

இவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். போனில் கேட்பதையெல்லாம் திருப்பிச் சொல்லும் மகராசி. "என்னது, மூலமா? ரத்தம் போகுதா?" என்பாள். வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். இவள் வந்ததும் அதெல்லாம் நின்றது. போனில் "ம்", "சரி", "வாங்க" என்ற மூன்று சொல்லுக்கு மேல் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, டோக்கன் எண்தான். கம்ப்யூட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். கடைத்தெருவில் பேஷன்ட் யாராவது எதிரே வந்தால், அவர்கள் சிரித்தால் மட்டுமே இவள் சிரிப்பாள். பார்க்காத மாதிரி போனால் இவளும் பார்க்காத மாதிரி போய்விடுவாள்.

ஆனால் அவளைச் சீண்டுவதற்கு ஒரு வழி இருந்தது. தேதி. கிழமையைக் குழப்பிக்கொண்டு வந்து நிற்பவர்கள் எல்லோரும் பழியை அவள் தலையில்தான் போடுவார்கள். "நீங்கதானே இன்னைக்கு வரச் சொன்னீங்க?" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பூட்டுக்குச் சுர்ரென்று ஏறிவிடும். நானா சொன்னேன், எப்போ சொன்னேன் என்று சண்டைக்கே போய்விடுவாள். ஜெயிக்கவும் செய்வாள், ஏனென்றால் அவள் சொன்ன தேதி தப்பியதே இல்லை.

அந்தப் பெண் வந்தது மழைக்காலத்தில். வயிற்றில் பிள்ளை. வெளியே புழுங்கினாலும் முழுக்கைச் சட்டை. டாக்டர் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, வாரம் தவறாமல் வியாழக்கிழமை வர வேண்டும், ஒரு வாரம் விட்டாலும் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று கண்டிப்பாகச் சொன்னார். வெளியே வந்தவளிடம் பூட்டு போன் நம்பர் கேட்டாள். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேஜையருகே குனிந்தாள்.

"போன் இல்லைக்கா. தூக்கிப் போட்டுட்டேன். போன தடவை ஓடிவந்தப்போ அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சான்."

"யாரு?"

"புருஷன்தான்." சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே தள்ளிக் காட்டினாள். பூட்டு பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து மேலே வரை கன்றிப்போன அடித்தழும்பு. "இந்தத் தடவை கொன்னுடுவான்க்கா. நான் இங்க வர்றது உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்."

"நம்பர் வேணாம், விலாசமும் வேணாம். நீ எங்க இருக்கேன்னு எங்கிட்டகூடச் சொல்லாத" என்றாள் பூட்டு. டாக்டரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கினாள். எழுதி வைக்காததை எவன் திருட முடியும்? அப்படித்தான் நினைத்தாள். அந்தப் பெண்ணும் சொன்ன சொல் தவறாமல் வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். அழுத்தம் மெல்ல இறங்கியது. ஒருநாள் குழந்தை உதைக்கிறது என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

அவன் வந்தது ஒரு திங்கட்கிழமை. கிளினிக் நிரம்பி வழிகிறது, போன் ஓயாமல் அடிக்கிறது, ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவன் படியேறி வந்து மேஜைமேல் கையை ஓங்கித் தட்டினான். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னான்.

"என்னங்க கிளினிக் நடத்துறீங்க? புள்ளத்தாச்சிப் பொண்ணை இன்னைக்குன்னு வரச் சொல்லிட்டு, வந்தா இன்னைக்கு இல்லைன்னு திருப்பி அனுப்புவீங்களா? கீழ உக்காந்து அழுதுகிட்டு இருக்கா! மனுஷங்கதானா நீங்க?"

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. "பாவம், மாசமா இருக்கிற பொண்ணை..." என்று ஒரு அம்மாள் பெஞ்சிலிருந்து இழுத்தாள். பூட்டுக்கு முகம் சிவந்தது.

"யாருங்க திருப்பி அனுப்பினது? சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. இன்னைக்குன்னு நாங்க சொல்லவே இல்லை. வியாழக்கிழமைன்னுதான் சொன்னோம்!"

அவன் கோபம் சட்டென்று அடங்கிவிட்டது. "ஓ, வியாழக்கிழமையா? அவதான் மறந்துட்டா போல. கோவிச்சுக்காதீங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

அடுத்த டோக்கனைக் கூப்பிட வாயைத் திறந்தவள் பாதியிலேயே எழுந்தாள். ஜன்னலுக்கு ஓடினாள். கீழே யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை. அவன் ஒருவன்தான் நின்று பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். புருஷன்தான் அது. அடப்பாவி! வந்து கேட்டிருந்தால் செத்தாலும் சொல்லியிருப்பாளா? அவன் ஒன்றுமே கேட்கவில்லையே. அவள்மேல் ஒரு பொய்ப்பழியைப் போட்டான், மீதியை அவள் ரோஷமே கொடுத்துவிட்டது. ஊரிலிருக்கிற ஒவ்வொரு பெண் டாக்டரின் கிளினிக்கிலும் போய் இதே சண்டையைப் போட்டிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. மற்ற இடங்களில் எல்லாம், அப்படி யாரும் இங்கே வரவில்லையே என்று விழித்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் போய் நின்று சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு உடனே தகவல் சொல்லணுமே."

"எப்படி டாக்டர்? நம்பர் இல்லை, விலாசம் இல்லை. வேணாம்னு சொன்னதே நான்தான்."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் காது குடைந்துகொண்டே கேட்டார். "புருஷன் பொண்டாட்டியைத் தேடுறான். இதுல கேஸ் எங்கம்மா இருக்கு? ஏதாவது நடந்தா வாங்க." நடந்தால் வர வேண்டுமாம்!

வீட்டில் அவள் தட்டைத் தொடவில்லை. "என்னடி ஆச்சு, உடம்பு சரியில்லையா?" என்று வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவரிடமாவது சொல்லி அழலாம் என்று நெஞ்சு தவித்தது. அதுவும் ஒரு பேஷன்ட்டின் கதைதானே? வாயை மூடிக்கொண்டு படுத்தாள். மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் இப்போது மூடி என்ன புண்ணியம் என்று தன்னையே சபித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை கிளினிக் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் பைக்கைச் சாய்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். கண் படிக்கட்டிலேயே இருந்தது. டாக்டர் ஒரு பையில் மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அங்க கூட்டத்துல யாரும் கண்டுபிடிக்க முடியாது. மாத்திரை மட்டும் பத்தாது, பிரசவம் வரைக்கும் வாராவாரம் காட்டியே ஆகணும்னு அழுத்திச் சொல்லுங்க."

பின்வாசல் வழியாக இறங்கி, முந்தின பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். வருகிற பஸ்ஸில் எல்லாம் ஏறினாள், உள்ளே பார்த்தாள், இறங்கினாள். "ஏறப்போறீங்களா இறங்கப்போறீங்களா, ஒண்ணு பண்ணுங்கம்மா" என்று ஒரு கண்டக்டர் எரிந்து விழுந்தார். பிறகு வந்த ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் அந்த முழுக்கைச் சட்டை தெரிந்தது. பக்கத்தில் போய் விழாத குறையாக உட்கார்ந்தாள்.

"இறங்காத. அவன் வந்திருக்கான். தலையைக் குனிஞ்சுக்கோ."

பஸ் கிளினிக்கைத் தாண்டியது. குனிந்தபடியே அந்தப் பெண் அவனைப் பார்த்துவிட்டாள். பூட்டு அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெரு போய்ப் பாலமும் போன பிறகுதான் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"அவனுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம். பூட்டுக்கு ஒன்றும் வரவில்லை. "நான்தாம்மா சொன்னேன். ஏமாத்திட்டான். கிழமை வாயிலேருந்து வந்துருச்சு."

அந்தப் பெண் அழவில்லை, திட்டவில்லை. இவள் முகத்தையே பார்த்தாள். பூட்டு மாத்திரைப் பையை அவள் மடியில் வைத்து, பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி டாக்டர் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். "நாளைக்கே போயிடு கண்ணு. உன் கால்ல விழுறேன். பிரசவம் வரைக்கும் விட்டுடாத, அழுத்தம் திரும்ப ஏறும்."

"அங்கயும் உங்களை மாதிரி ஒரு அக்கா முன்னால உக்காந்திருப்பாங்கல்ல?"

ஏதோ ஒரு ஸ்டாப்பில் அந்தப் பெண் எழுந்தாள். மாத்திரையை எடுத்துக்கொண்டாள். "பின்னால வராதீங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்க்கக்கூடப் பயந்து பூட்டு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமையும் அவன் வந்து நின்றான். அதற்கடுத்ததற்கு வரவில்லை. சலித்துப் போய்விட்டானா, கண்டுபிடித்துவிட்டானா? பொறுக்க முடியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு இளங்குரல். அந்தப் பெண்ணின் பெயரைக் குரலைத் தாழ்த்திச் சொல்லி, அங்கே காட்ட வருகிறாளா என்று கேட்டாள்.

"நீங்க யாருங்க?"

"அவளோட அக்கா."

"யாரா இருந்தாலும் சரிங்க, இங்க யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு நாங்க சொல்றதில்லை."

"வந்தாளான்னு மட்டும் சொல்லும்மா. உசுரோட இருக்காளான்னு தெரிஞ்சாப் போதும்."

"மன்னிச்சுக்கோங்க. சொல்ல முடியாதுங்க."

அந்தக் குரலை எப்படிப் பேச வைப்பது என்று இப்போது பூட்டுக்குத் தெரியும். ஒரு கிழமையை மாற்றிச் சொல்லிச் சத்தம் போட்டால் போதும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"நல்லா இருப்பே தாயி. யாரு கேட்டாலும் சொல்லிடாத. சண்டை போட்டாலும் சொல்லிடாத" என்றாள். போனை வைத்துவிட்டு, பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதாள்.